பழைய பொம்மைக் காரை அருங்காட்சியகக் கண்ணோடு பார்ப்பது எப்படி?

பரண் மேலிருந்து இறக்கிய பெட்டியில் உள்ளங்கை அளவுள்ள ஓர் உலோகக் கார் கிடைக்கிறது. பெயிண்ட் உதிர்ந்திருக்கிறது, ஒரு டயரைக் காணோம், அடியில் ஏதோ ஆங்கில எழுத்துகள். பெரும்பாலோர் உடனே ஈரத்துணியால் துடைப்பார்கள்; பிறகு அதன் விலை என்ன என்று தேடுவார்கள். இரண்டையும் கொஞ்ச நேரம் தள்ளிப்போடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

வியாபாரி கீறல் விழாத காரைத் தேடுகிறார். அட்டைப்பெட்டியும் கசங்காமல் கூடவே இருந்தால் அவருக்கு இன்னும் நல்லது. அருங்காட்சியகத்தில் பதிவேடு எழுதுபவரின் தேவை வேறு. யாருமே விளையாடாத பொம்மையிடம் தொழிற்சாலையைப் பற்றி மட்டும்தான் கேட்க முடியும். விளையாடித் தேய்ந்த பொம்மையிடம் ஒரு வீட்டைப் பற்றியும் அதில் வளர்ந்த குழந்தையைப் பற்றியும் கேட்கலாம். உதிர்ந்த பெயிண்டும் தொலைந்த டயரும் அந்தப் பதிலின் பகுதிகள். அவற்றை அழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

உதாரணத்துக்கு 1930களிலிருந்து 1970கள் வரை பிரிட்டனில் செய்யப்பட்ட டிங்கி, மேட்ச்பாக்ஸ், கார்கி கார்களை எடுத்துக்கொள்கிறேன். அருங்காட்சியகங்களில் மிகுதியாக இருப்பவை இவை. காலத்தைக் கணிக்கத் தெளிவான அடையாளங்கள் உள்ளவை என்பதால் புதியவர்கள் பழகவும் ஏற்றவை. டிங்கியின் கதையில் கல்கத்தாவுக்கும் ஓர் இடம் உண்டு.

முதலில் மேசையைத் தயார் செய்யுங்கள்

நல்ல வெளிச்சம், மேசை மேல் மடித்துப் போட்ட வெள்ளைத் துண்டு, பூதக்கண்ணாடி, அளவுகோல், பென்சில், நோட்டு, கைபேசிக் கேமரா இவை போதும். மில்லிமீட்டரின் சிறு பகுதியையும் நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவி ஒன்று இருந்தால் மிகவும் நல்லது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பேனாவைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். மை ஒருமுறை பட்டால் பழைய பெயிண்டிலிருந்து எடுப்பது கடினம்.

கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை கிடைத்தால் அணியுங்கள். அருங்காட்சியகம் என்றதும் பலருக்கு வெள்ளைப் பருத்திக் கையுறை நினைவுக்கு வரும். வழவழப்பான உலோகத்தில் அது வழுக்கும், பெயர்ந்து நிற்கும் பெயிண்டில் நூல் மாட்டும். பழைய பெயிண்டில் காரீயம் இருக்கக்கூடும் என்பதால் வேலை முடியும்வரை எதையும் சாப்பிடாதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

காரை எடுக்கும்போது உடலின் இரு பக்கத்தையும் பிடித்துத் துண்டுக்கு அருகிலேயே தூக்குங்கள். பம்பரையோ சக்கரத்தையோ பிடித்துத் தூக்க வேண்டாம். சக்கரம் சுற்றுகிறதா என்று சுண்டிப் பார்க்கவும் வேண்டாம். அறுபது ஆண்டு பழைய ரப்பர் ஒரே சுண்டலில் பிளந்துவிடும்.

துடைப்பதற்கு முன்பே ஆறு பக்கமும் படம் எடுங்கள். ஒரு படத்திலாவது அளவுகோல் பக்கத்தில் இருக்கட்டும்.

பிறகு கவிழ்த்துப் பாருங்கள்

காரின் பிறப்புச் சான்றிதழ் அதன் அடித்தகட்டில் இருக்கிறது. தயாரிப்பாளர் பெயர், வண்டியின் பெயர், எண், நாடு என்று எது தெரிந்தாலும் எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் தேய்ந்த எழுத்துகளும் நிழலில் எழும்பித் தெரியும்.

டிங்கி என்று இருந்தால் அதற்குப் பின்னால் லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் இருக்கிறது. துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் இணைத்துப் பாலமும் பாரந்தூக்கியும் கட்டும் விளையாட்டுக்கு 1901இல் காப்புரிமை பெற்ற ஃபிராங்க் ஹார்ன்பி நிறுவியது அது. 1920இல் அவர் பெயரில் பொம்மை ரயில்கள் வந்தன. ரயில் நிலையத்தின் பக்கத்தில் நிறுத்த வண்டிகள் வேண்டுமல்லவா? அதற்காக 1933 டிசம்பரில் ஆறு வண்டிகள் கொண்ட ஒரு தொகுதி வெளிவந்தது: இரண்டு கார், ஒரு லாரி, ஒரு வேன், ஒரு டிராக்டர், ஒரு பீரங்கி வண்டி. 1934இல் இவற்றுக்கு டிங்கி என்ற பெயர் வந்தது. ரயிலுக்குத் துணையாக வந்த வண்டிகள் தாமே ஒரு பெரிய வரிசையாக வளர்ந்தன. மெக்கானோ 1964இல் லைன்ஸ் பிரதர்ஸ் கைக்கும், 1971இல் ஏர்ஃபிக்ஸ் கைக்கும் போய், லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலை 1979 நவம்பரில் மூடப்பட்டது.

தொடக்கத்தில் 40ஏ என்பதுபோல எண்ணும் எழுத்தும் சேர்ந்த குறியீடுகள் இருந்தன. 1954 வாக்கில் எல்லாவற்றுக்கும் மூன்றிலக்க எண்கள் கொடுத்தார்கள். ஒரே கார் இரண்டு எண்களில் குறிப்பிடப்படுவதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

அடியில் ‘நிக்கி’ என்று இருந்தால் நிதானமாகப் பாருங்கள். டிங்கி பழைய வார்ப்பச்சுகள் சிலவற்றை விற்றபோது அவை கல்கத்தாவுக்கு வந்தன. 1960களின் பிற்பகுதியிலிருந்து அந்த அச்சுகளிலேயே நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் கார்கள் வார்க்கப்பட்டன. வார்ப்பு கொஞ்சம் முரடாக இருக்கும், பெயிண்ட் தடிப்பாக இருக்கும். இதை மட்டமான நகல் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. லிவர்பூலில் தேய்ந்த அச்சு கல்கத்தாவில் இன்னொரு தலைமுறைக்குக் கார் வார்த்துக் கொடுத்திருக்கிறது. இந்தியாவில் பொம்மைகளைச் சேகரிக்கும் எந்த அருங்காட்சியகமும் லண்டனில் எளிதில் கிடைக்கும் ஒரு டிங்கியைவிட இதைத்தான் முதலில் தேட வேண்டும்.

மேட்ச்பாக்ஸ் கார்களின் அடியில் ‘லெஸ்னி’, ‘மேட் இன் இங்கிலாண்ட்’ என்று இருக்கும். 1947இல் லண்டனில் தொடங்கிய வார்ப்பு நிறுவனம் லெஸ்னி. 1953இல் அரசியின் முடிசூட்டு ரதத்தைச் சிறிய அளவில் செய்து விற்றுப் பெயர் பெற்றது. அதே ஆண்டில் தீப்பெட்டி அளவுள்ள அட்டைப்பெட்டியில் அடங்கும் வண்டிகள் வரத் தொடங்கின. 1982இல் நிறுவனம் நொடித்து ஹாங்காங் கைக்குப் போனது. ஆகவே மக்காவ், சீனா போன்ற ஊர்ப் பெயர்கள் இருந்தால் அது பிற்காலப் பொருள்.

அடியில் பொறித்த ஆண்டைப் பார்த்து, பலரும் கார் அந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று எழுதிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் வடிவமைப்புக்கோ உரிமைக்கோ உரிய ஆண்டு. அதே அச்சில் பல ஆண்டுகள் கழித்தும் வார்ப்பார்கள். பதிவேட்டில் ‘அடித்தகட்டில் இந்த ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது’ என்று மட்டும் எழுதுங்கள். செய்யப்பட்ட காலத்தை மற்ற அடையாளங்களை வைத்துத் தனியே கணியுங்கள்.

சக்கரமும் ஜன்னலும்

அந்த மற்ற அடையாளங்களில் முதலாவது சக்கரம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகளின் சக்கர வட்டு வழவழப்பாகவும் சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கம்பி மெல்லியதாகவும் இருக்கும். போருக்குப் பிந்தியவற்றில் வட்டின் நடுவே எழும்பிய விளிம்பு இருக்கும், அச்சுக்கம்பியும் தடித்திருக்கும். மேட்ச்பாக்ஸில் முதலில் உலோகச் சக்கரம், பிறகு சாம்பல் நிறப் பிளாஸ்டிக், பிறகு கறுப்புப் பிளாஸ்டிக். 1968இல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் ஹாட் வீல்ஸை இறக்கியது. தள்ளிவிட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும் அதன் மெல்லிய அச்சுக்கம்பிச் சக்கரம் மற்றவர்களைத் திணறடித்தது. மேட்ச்பாக்ஸ் 1969இல் ‘சூப்பர்ஃபாஸ்ட்’ சக்கரங்களோடு பதில் சொன்னது.

அடுத்தது ஜன்னல். 1956இல் மெட்டாய் நிறுவனம் வேல்ஸில் உள்ள ஸ்வான்சியிலிருந்து கார்கி வரிசையை வெளியிட்டபோது, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஜன்னல்களே அதன் பெரிய விளம்பரம். அதுவரை டிங்கி கார்களின் ஜன்னல் வெறும் ஓட்டைதான். டிங்கியும் 1958 வாக்கில் ஜன்னல் வைக்க ஆரம்பித்தது. ஸ்பிரிங் வைத்த சக்கரம், திறக்கும் கதவு, மின்னும் கல் பதித்த முன்விளக்கு எல்லாம் அதற்குப் பிறகு நடந்த போட்டியின் விளைவுகள். ஜன்னல் இல்லாத பழைய மாடல்களும் சில காலம் தொடர்ந்து விற்பனையில் இருந்தன. ஆகவே ஜன்னலை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அளந்து பாருங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். உண்மையான வண்டியின் நீளம் தெரிந்தால் அதைப் பொம்மையின் நீளத்தால் வகுங்கள். 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசடர் 10 சென்டிமீட்டர் பொம்மையானால் விகிதம் 1:43.

இந்த 43 எங்கிருந்து வந்தது என்பது ரயிலோடு சேர்ந்த கதை. தண்டவாளங்களுக்கு நடுவே 32 மில்லிமீட்டர் உள்ள ‘ஓ’ வகைப் பொம்மை ரயிலுக்கு, உண்மையில் ஓர் அடி உள்ளதை 7 மில்லிமீட்டராகச் சுருக்குவது பிரிட்டிஷ் வழக்கம். ஓரடி என்பது 304.8 மில்லிமீட்டர், 7ஆல் வகுத்தால் ஏறத்தாழ 43.5. ரயிலின் பக்கத்தில் நிற்கப் பிறந்த காருக்கு அதுவே இயல்பான அளவு. ஓரடிக்கு 4 மில்லிமீட்டர் என்றால் 1:76, அது ‘ஓஓ’ வகை ரயிலின் அளவு. பொம்மை வீடுகளில் ஓரடிக்கு ஓர் அங்குலம், அதாவது 1:12. விமான மாடல்களில் ஆறடிக்கு ஓர் அங்குலம் என்று கொண்டால் 1:72 வரும்.

கணக்குச் சரியாக வராவிட்டால் உங்கள் மேல் தவறில்லை. அளவு மாடல் உண்மையான வண்டிக்குக் கட்டுப்பட்டது. பொம்மை அதன் விலைக்கும் பெட்டிக்கும் கட்டுப்பட்டது. மேட்ச்பாக்ஸில் பேருந்தும் காரும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் இருப்பதற்கு, இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டியில் அடங்க வேண்டியிருந்ததே காரணம். உங்கள் கையில் இருப்பது பொம்மையா மாடலா என்ற கேள்விக்கு இந்த அளவே பாதிப் பதிலைச் சொல்லிவிடும்.

துத்தநாக நோய் இருக்கிறதா?

இந்தக் கார்கள் இரும்பு அல்ல. காந்தத்தை உடலில் வைத்தால் ஒட்டாது. துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியமும் சிறிதளவு செம்பும் மெக்னீசியமும் சேர்ந்த கலவையை உருக்கி, எஃகு அச்சில் அழுத்தத்தோடு செலுத்தி வார்த்தவை பெரும்பாலானவை. கலவை சுத்தமாக இருந்தால் நூறாண்டு நிற்கும். காரீயம், வெள்ளீயம், காட்மியம் போன்றவை கொஞ்சம் கலந்துவிட்டாலும் கேடுதான். உலோகம் மிக நுண்ணிய மணிகளாக உறைகிறது. அந்த மணிகள் ஒன்றையொன்று தொடும் விளிம்புகளில் அரிப்பு தொடங்கும். வெப்பமும் ஈரப்பதமும் அதை வேகப்படுத்தும். உலோகம் உள்ளுக்குள் பெருத்து, வெடித்து, கடைசியில் பிஸ்கட்போல உதிரும். போருக்கு முந்தைய டிங்கிகளில் பல இப்படித்தான் அழிந்தன.

பெயிண்டுக்கு அடியில் மயிரிழை வெடிப்புகளின் வலை தெரிகிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். நேராக இருக்க வேண்டிய விளிம்பு வளைந்திருக்கிறதா, பெருத்த உடல் சக்கரங்களின் அச்சுக்கம்பியை இறுக்குகிறதா என்றும் கவனியுங்கள். வெர்னியர் அளவி இங்கேதான் உதவும். காரின் நீளத்தை இன்று பதிவு செய்து, ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்தில் வைத்து அளந்து பாருங்கள். கூடியிருந்தால் நோய் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இதற்கு மருந்து இல்லை என்பதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பசையோ பெயிண்டோ உள்ளே நடப்பதை நிறுத்தாது. குளிர்ச்சியும் வறட்சியும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவே. ஆறுதலான செய்தி, இது பக்கத்துக் காருக்குத் தொற்றாது. கிருமியால் வருவது போலத் தெரிந்தாலும், வார்த்த அன்றே உள்ளே இருந்த கலப்படத்தின் வேலை இது. நோயுற்ற காரைத் தனிப் பெட்டியில் வையுங்கள். உதிரும் துண்டுகளையும் அதே பெட்டியில் சேர்த்து வையுங்கள். நன்றாக இருக்கும்போதே நிறையப் படங்கள் எடுத்துவிடுங்கள்.

யாராவது கைவைத்திருக்கிறார்களா?

டிங்கி, கார்கி கார்களின் அடித்தகடு ரிவெட்டால் பொருத்தப்பட்டிருக்கும். அந்த இடத்தில் துளையிட்டுத் திருகாணி போட்டிருந்தால் யாரோ காரைப் பிரித்திருக்கிறார்கள். ரிவெட்டின் மேலேயே பெயிண்ட் ஏறியிருந்தாலும், எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தாலும், உதிர்ந்த இடத்தில் அடியில் வேறு நிறம் தெரிந்தாலும் மறுபூச்சு என்று சந்தேகிக்கலாம். இயல்பான தேய்மானம் கூரையின் மூலைகளிலும் சக்கர வளைவுகளின் மேலும் இருக்கும். கவிழ்ந்து விழும்போது தரையில் படுகிற இடங்கள் அவை.

காணாமல் போன பாகத்துக்குப் புதிதாகச் செய்த மாற்றுப் பாகங்கள் இன்று தாராளமாக விற்கின்றன. 1965இல் கார்கி வெளியிட்ட ஜேம்ஸ் பாண்டின் தங்கநிற ஆஸ்டன் மார்ட்டினில், பொத்தானை அழுத்தினால் கூரை திறந்து இருக்கையிலிருந்த ஆள் வெளியே பறப்பார். பறந்த ஆளைப் பிள்ளைகள் தொலைத்தார்கள். இன்று காணப்படும் கார்களில் பலவற்றில் உட்கார்ந்திருப்பவர் புதியவர். வைப்பது குற்றமில்லை, வைத்ததை எழுதாமல் விடுவதுதான் குற்றம். நீங்களே ஒரு டயர் மாற்றினாலும், பழைய டயரின் துணுக்கைச் சிறு உறையில் போட்டுத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிறுவன் வீட்டு ஜன்னலுக்கு வாங்கிய பச்சை எனாமலைத் தன் காருக்குப் பூசியிருந்தால்? வியாபாரிக்கு அது கெட்டுப்போன பொருள். அருங்காட்சியகத்துக்கு அந்தப் பச்சைதான் அதன் மிக அரிய பகுதி. அதைச் சுரண்டி எடுக்காதீர்கள்.

சுத்தம் செய்வது

மென்மையான ஓவியத் தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பெரும்பாலான கார்களுக்கு அதோடு போதும். தண்ணீர், மெழுகு, எண்ணெய், உலோகப் பாலிஷ் எதுவும் வேண்டாம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பழகிய கை புளியைத் தேடும்; புளியின் அமிலம் துத்தநாகத்தை அரித்துவிடும்.

பதிவு எழுதுவது

எல்லா வேலையிலும் முக்கியமானது இதுதான். அருங்காட்சியகங்கள் பொருளுக்குக் கொடுக்கும் எண் பெரும்பாலும் மூன்று பகுதிகள் கொண்டது: வந்த ஆண்டு, அந்த ஆண்டின் எத்தனையாவது வரவு, அந்த வரவில் எத்தனையாவது பொருள். 2024.7.3 என்றால், 2024இல் வந்த ஏழாவது வரவின் மூன்றாவது பொருள். இருபது கார்களே இருந்தாலும் இந்த முறையைப் பின்பற்றுங்கள். எண்ணைக் காரின் மேல் எழுதாதீர்கள், ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள். சிறிய அட்டைச் சீட்டில் பென்சிலால் எழுதி வெள்ளைப் பருத்தி நூலால் அச்சுக்கம்பியில் தளர்வாகக் கட்டுங்கள்.

நோட்டில் அந்த எண்ணுக்கு நேராக, பார்த்ததையும் ஊகித்ததையும் தனித்தனியே எழுதுங்கள். ‘இடது முன்டயர் இல்லை, கூரையில் 4 மில்லிமீட்டர் பெயிண்ட் உதிர்வு’ என்பது பார்த்தது. ‘1950களின் தொடக்கமாக இருக்கலாம்’ என்பது ஊகம். எதை வைத்து அப்படி ஊகித்தீர்கள் என்பதும் வேண்டும்.

அதன்பின் பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். யார் வாங்கிவந்தது, எந்த ஊரில், யாருக்காக, என்ன பெயரிட்டு அழைத்தார்கள், யாரோடு சண்டை, எந்தத் திண்ணையில் ஓட்டினார்கள். சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்தார் என்றால் எந்த ஆண்டு, கப்பலிலா விமானத்திலா. அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் சேருங்கள். அடித்தகட்டை இன்னும் ஐம்பது ஆண்டு கழித்தும் படிக்கலாம். இதையெல்லாம் சொல்லும் அத்தையின் நினைவை அப்படித் தள்ளிவைக்க முடியாது.

வைக்கும் இடம்

அருங்காட்சியகங்கள் உலோகப் பொம்மைகளுக்கு ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்கு மேல் போகாமல் வைத்திருக்க விரும்புகின்றன. கடற்கரை ஊர் வீடுகளில் அது நடக்காத காரியம். மூடி இறுக்கமான பாலிபுரோப்பிலீன் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் பெருமளவு காப்பாற்றலாம். பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 3 என்றால் அது பி.வி.சி., வேண்டாம். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அமிலமில்லாத வெள்ளைத் தாளில் சுற்றுங்கள். காரின் எடை டயரின் மேல் விழாதபடி வயிற்றுக்கு அடியில் தாளை மடித்துக் கொடுங்கள். அந்துருண்டையைச் சேர்த்துப் போடும் பழக்கம் இங்கே உதவாது. அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். பரண் வெயிலில் கொதிக்கும் என்பதால் பரணைவிட உள்ளறை அலமாரியின் கீழ்த்தட்டு மேல்.

காரின் அட்டைப்பெட்டி கிடைத்தால் அதையும் ஒரு தனிப் பொருளாக எண்ணிட்டு வையுங்கள். காரை அதற்குள் போட்டு வைக்க வேண்டாம்.

காரோடு வேறு பொம்மைகளும் கிடைத்தால்

காரீயப் படைவீரர்கள்: பிரிட்டனின் வில்லியம் பிரிட்டன் 1893இல் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கொண்டுவந்த பிறகு கோடிக்கணக்கில் பரவியவர்கள். மர அலமாரியில், அதிலும் ஓக் மரத்தில் வைத்தால், மரம் வெளிவிடும் அமில ஆவியால் வெண்பொடி பூக்கும். அந்தப் பொடி நஞ்சு. கையுறையோடு எடுத்துக் கண்ணாடி அல்லது எஃகு அலமாரிக்கு மாற்றுங்கள்.

தகரப் பொம்மைகள்: சாவியை முழுவதும் முறுக்காதீர்கள், பழைய ஸ்பிரிங் அறுந்தால் உள்ளிருக்கும் பற்சக்கரங்களும் போகும். பேட்டரி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அடியில் ‘மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்’ என்றிருந்தால் அது போருக்குப் பின் ஜப்பான் நேச நாடுகளின் ஆட்சியில் இருந்த, 1952இல் முடிந்த காலத்துக்கு உரியது.

செல்லுலாய்டு பொம்மைகள்: எளிதில் தீப்பிடிக்கும், சிதையும்போது அமில வாயுவும் வெளிவிடும். இவற்றை மட்டும் காற்றுப் புகாத பெட்டியில் அடைக்காமல், மற்ற பொருள்களிலிருந்து தள்ளி, காற்றோட்டமாக, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் வையுங்கள்.

அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க விரும்பினால்

பிரைட்டன் ரயில் நிலையத்தின் அடியில் 1991 முதல் இயங்கும் பொம்மை மற்றும் மாடல் அருங்காட்சியகம், லண்டனில் 2023 ஜூலையில் புதுப்பித்துத் திறந்த யங் வி அண்ட் ஏ, டெல்லியில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1965இல் உருவாக்கிய பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகம் எனப் பல இடங்கள் பொம்மைகளைச் சேகரிக்கின்றன. எங்கும் பொருளோடு நேரில் போய் நிற்காதீர்கள். முதலில் படங்களையும் பதிவின் பிரதியையும் அனுப்புங்கள். அதே கார் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கலாம். மறுத்தால் வருந்த வேண்டாம். ஏற்றுக்கொண்டால் உரிமையை மாற்றித் தரும் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். எப்போதும் காட்சியில் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். இடப்பற்றாக்குறையால் எந்த அருங்காட்சியகத்திலும் பெரும்பகுதிப் பொருள்கள் கிடங்கில்தான் இருக்கும். அத்தை சொன்னதை எழுதிய தாளைப் படிவத்தோடு சேர்த்துக் கொடுங்கள். அந்தத் தாளுக்கும் காரின் எண்ணையே இடச் சொல்லிக் கேளுங்கள்.